சர்வீஸ் முடிந்த வண்டியில் புதிய பழுது கண்டால்

ஆயில் மாற்றிய மறுநாளே காரின் அடியில் எண்ணெய் சொட்டினாலோ, ஆயில் அழுத்தத்துக்கான சிவப்பு விளக்கு எரிந்தாலோ, பட்டறை வரை ஓட்டிச் சென்றுவிடலாம் என்று எண்ணாமல் உடனே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். ஆயில் இல்லாமல் சில நிமிடங்கள் ஓடினாலே பேரிங்குகள் தேய்ந்து, ஒரு வாஷரோடு முடிய வேண்டிய வேலை எஞ்சினையே பிரிக்கும் அளவுக்குப் போய்விடும்.

எதையும் துடைப்பதற்கு முன் ஆயில் சம்பின் (எஞ்சினின் கீழே ஆயில் தேங்கும் தொட்டி) அடியிலுள்ள ட்ரெயின் போல்ட்டையும் (பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் போல்ட்), ஃபில்டரைச் சுற்றியுள்ள கசிவையும், ஓடோமீட்டரையும் படமெடுங்கள். அளவுக்கு மீறி முறுக்கியதால் மரை போயிருந்தால் அது போல்ட்டைக் கழற்றும்போதுதான் தெரியும். வேறு பட்டறையில் அவசரப்பட்டுச் சரிசெய்துவிட்டால் காரணத்தை நிறுவுவது மிகவும் கடினம். ஆகவே முதலில் இன்னொரு மெக்கானிக்கிடம் காட்டி, அவர் கண்டதைக் கையொப்பத்துடன் எழுதி வாங்குங்கள்.

ஜாப் கார்டு (செய்ய வேண்டிய வேலைகளைப் பட்டறை குறித்துத் தரும் சீட்டு), பில் ஆகியவற்றின் நகல்களுடன் சர்வீஸ் செய்த பட்டறைக்கு, சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்ட்டில் புகார் அனுப்புங்கள். வாய்ப்பேச்சு போதாது. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அதற்கும் பலனில்லையெனில், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், வழக்கறிஞர் இல்லாமலேயே, சேவைக் குறைபாட்டுக்காக நீங்களே மனு செய்யலாம்.