வெளியேறும் ஆணை வருவதற்கு முன்பே: கலிஃபோர்னியாவில் காட்டுத்தீக்கு ஆயத்தமாவது எப்படி

2018 நவம்பர் 8 அன்று காலை ஆறரை மணியளவில் வட கலிஃபோர்னியாவின் பல்கா என்ற சிற்றூருக்கு அருகே மூண்ட தீ, எட்டு மணிக்கெல்லாம் பாரடைஸ் நகரை எட்டிவிட்டது. அந்தத் தீயில் உயிரிழந்த 85 பேரில் பெரும்பாலோர் முதியவர்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தை மனத்தில் வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். வீட்டுக்காகச் செய்ய வேண்டியவற்றைத் தீ இல்லாத நாள்களிலேயே முடித்துவிட வேண்டும். தீ நெருங்கும் நாளை முழுவதும் மனிதர்களுக்கென்றே ஒதுக்க வேண்டும்.

இம்மாநிலத்தில் அறிவிப்புகள் இரண்டு படிகளில் வருகின்றன. முதலில் வருவது வெளியேற்ற எச்சரிக்கை. ஆபத்து நெருங்கக்கூடும், ஆயத்தமாக இருங்கள் என்பது அதன் பொருள். அடுத்து வருவது வெளியேற்ற ஆணை. அது வந்தால் அந்தக் கணமே கிளம்பிவிட வேண்டும். வயதான பெற்றோரோ, கைக்குழந்தையோ, வளர்ப்புப் பிராணியோ இருக்கும் வீட்டினர் எச்சரிக்கையையே ஆணையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அறிவிப்புகள் ஒவ்வொரு பகுதிக்கும் உரிய வெளியேற்ற மண்டல எண்ணைச் சொல்லியே வரும் என்பதால், உங்கள் மண்டல எண்ணை இன்றே தேடி எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டுங்கள். மாவட்ட நிர்வாகத்தின் எச்சரிக்கைச் சேவையில் பதிவு செய்துகொள்ளுங்கள். சாண்டா கிளாரா மாவட்டத்தில் அதன் பெயர் அலர்ட் எஸ்.சி.சி. ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அப்பா அம்மாவின் கைப்பேசியிலும் அதைச் சேர்த்துவிடுங்கள். பகலில் வீட்டில் தனியே இருப்பவர்கள் அவர்கள்தாம்.

வீடுகளை எரிப்பது பெரும்பாலும் சுவரைப்போல எழுந்து வரும் தீ அன்று. காற்றில் பறந்து வரும் கங்குகளே. தீ ஒரு மைல் தொலைவில் இருக்கும்போதே ஒரு கங்கு வந்து காய்ந்த சருகில் விழுந்து, ஊதி ஊதிப் பற்றவைத்துவிடும். ஆகவே சுவரை ஒட்டிய முதல் ஐந்து அடிக்குள் எரியக்கூடிய எதுவும் இருக்கலாகாது. நம் வீட்டு வாசலையே பாருங்கள்: தேங்காய்நார் மிதியடி, பொங்கலுக்குக் கட்டி மாதக்கணக்கில் கழற்றாமல் விட்ட மாவிலைத் தோரணம், சுவரில் சாய்த்த துடைப்பம், செருப்பு அடுக்கும் மரத்தட்டு. உலர்ந்த மாவிலை எவ்வளவு எளிதில் பற்றிக்கொள்ளும் என்பது அடுப்பு மூட்டிய எவருக்கும் தெரியும். கூரை ஓரத்து வாய்க்காலில் சேர்ந்த இலைகளையும் வாரிவிடுங்கள். பரணுக்குக் காற்றுப் போகும் திறப்புகளில் அரைக்கால் (1/8) அங்குலத்துக்கு மேற்படாத கண்ணுள்ள உலோக வலை இருக்க வேண்டும். கங்கு உள்ளே புகுந்துவிட்டால் வெளியே நின்று எவராலும் அணைக்க முடியாது.

கையோடு எடுக்கும் பை எப்போதும் கட்டி வைத்தபடி இருக்கட்டும். அதில் கடவுச்சீட்டு, விசா தொடர்பான ஐ-797 கடிதங்கள், பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள், காப்பீட்டுப் பத்திரம், மூன்று நாளுக்கான உணவு, ஆளுக்கு மூன்று காலன் தண்ணீர், மாற்றுக் கண்ணாடி, ரொக்கம் ஆகியவை வேண்டும். நகைகள் ஒரே இடத்தில் இருக்கட்டும். அலமாரி அலமாரியாகத் தேடும் நேரம் அது அன்று. 2020 ஆகஸ்டில் சான் ஹோசேயின் கிழக்கு மலைகளில் மின்னலால் தீ மூண்டபோது, நாங்கள் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிய பிறகுதான் அப்பாவின் இன்சுலின் குளிர்சாதனப் பெட்டியிலேயே இருப்பது நினைவுக்கு வந்தது. அன்று முதல் “இன்சுலின்” என்று எழுதிய ஒரு சீட்டு எங்கள் பையின் பிடியில் தொங்குகிறது.

எச்சரிக்கை வந்து, நேரமும் இருந்தால் மட்டுமே பின்வருவனவற்றைச் செய்யுங்கள். எல்லா ஜன்னல்களையும் கதவுகளையும் சாத்துங்கள், ஆனால் தீயணைப்பு வீரர்கள் உள்ளே வர நேரலாம் என்பதால் பூட்ட வேண்டாம். திரைச்சீலைகளைக் கழற்றி, சோபா போன்றவற்றை அறையின் நடுவுக்கு நகர்த்துங்கள். புகையில் வீடு தெரிவதற்காக விளக்குகளை எரியவிட்டு, ஏ.சி.யை நிறுத்துங்கள். பூஜையறை விளக்கை மறவாமல் குளிரவையுங்கள். கேஸ் மீட்டரின் குழாயில் உள்ள வால்வை ரெஞ்சால் கால் சுற்றுத் திருப்பி, அதன் பட்டை குழாய்க்குக் குறுக்காக நிற்கும்படி செய்தால் வாயு நின்றுவிடும். தோட்டக் குழாயை இணைத்து வைக்கலாம். ஆனால் தண்ணீரைத் திறந்துவிட்டுப் போகாதீர்கள், தீயணைப்பு வண்டிகளுக்கு வேண்டிய நீரழுத்தம் அதனால் குறைந்துவிடும்.

கராஜ் கதவைக் குறித்துத் தனியே சொல்ல வேண்டும். 2017-இல் வட கலிஃபோர்னியாவில் மூண்ட தீயின்போது மின்சாரம் நின்றதால் கதவைத் திறக்க முடியாமல் சிலர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் புதிய கதவு மோட்டார்களுக்கு பேட்டரி கட்டாயம் என்ற சட்டம் 2019 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பழைய மோட்டார் உள்ள வீடுகளில், தண்டவாளத்திலிருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்துவிட்டுக் கதவைக் கையால் தூக்க வேண்டும். வீட்டிலுள்ள பெரியவர்கள் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது இதைச் செய்து பழகட்டும்.

கிளம்பும்போது எல்லாரும் முழுக்கை பருத்திச் சட்டை, பருத்திக் கால்சட்டை, மூடிய காலணி, முகக்கவசம் அணிந்திருக்க வேண்டும். நைலான் சேலையும் பாலியஸ்டர் நைட்டியும் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அம்மா தயங்கினாலும் மாற்றச் சொல்லுங்கள். இரண்டு வழிகளை முன்பே ஓட்டிப் பார்த்து வைத்திருங்கள். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸின் பாலிசேட்ஸ் பகுதியில் நெரிசலில் சிக்கியவர்கள் சாலையிலேயே கார்களை விட்டுவிட்டு நடந்தார்கள். தீயணைப்பு வண்டிகளுக்கு வழிவிட அந்தக் கார்களை புல்டோசர் கொண்டு தள்ள வேண்டியிருந்தது. ஒரே குடும்பம் மூன்று கார்களில் கிளம்புவதும் நெரிசலைக் கூட்டும். முடிந்தவரை ஒரே வண்டியில் செல்லுங்கள். பிரிந்துவிட்டால் எல்லாரும் அழைக்க, வெளிமாநில உறவினர் ஒருவரின் எண்ணைப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாக்கி வையுங்கள்.

அதிகாரிகள் அனுமதித்த பிறகே திரும்புங்கள். நிறுத்திய கேஸை நீங்களே திறக்கலாகாது, நிறுவனத்தார்தான் வந்து சோதித்துத் திறக்க வேண்டும். 2017-இல் சாண்டா ரோசாவிலும் 2018-இல் பாரடைஸிலும் எரிந்த தீக்குப் பிறகு குழாய் நீரில் பென்சீன் என்ற நச்சு வேதிப்பொருள் கலந்திருந்தது. கொதிக்கவைத்தால் அது போய்விடும் என்று நினைத்துவிடாதீர்கள். குடிநீர் வாரியம் பாதுகாப்பானது என்று அறிவிக்கும் வரை குடிக்கவும், அரிசி களையவும், குழந்தைக்குப் பால் கலக்கவும் வெளியிலிருந்து கொண்டுவந்த தண்ணீரையே பயன்படுத்துங்கள்.