பூச்சு பூசிய கத்தியில் கீறலா? முதலில் அழி ரப்பரை எடுங்கள்

கறுப்பாக, மழமழவென்று வாங்கிய கத்தியில் முதல் வெள்ளைக் கோடு விழுந்ததும் பலரும் உப்புத்தாளைத் தேடிப் போகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்தக் கோடுகளில் பல, கீறலே கிடையாது. உண்மையான கீறல்களிலும் பெரும்பாலானவற்றை அப்படியே விட்டுவிடலாம். நாம் கவலைப்பட வேண்டியது இரண்டுக்குத்தான்: வெளியே தெரியும் இரும்பு துருப்பிடிக்கிறதா, பூச்சு செதில் செதிலாக உரிகிறதா.

படி 1: என்ன பூச்சு என்று பாருங்கள்

பெட்டியிலோ தயாரிப்பாளரின் தளத்திலோ பூச்சின் பெயர் இருக்கும். இல்லாவிட்டால் கண்ணும் விரலும் போதும்.

வழவழப்பான அடர் கறுப்பு அல்லது கரும்சாம்பல் என்றால் அது டிஎல்சி எனப்படும் வைரம் போன்ற கார்பன் பூச்சாக இருக்கலாம். தங்க நிறம் என்றால் பெரும்பாலும் டைட்டானியம் நைட்ரைடு. இரண்டும் சில மைக்ரான் தடிமன்தான், தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லியவை. ஆனால் கத்தியின் எஃகை விட மிகக் கடினமானவை.

விரலால் தடவினால் சொரசொரப்பாக, பெயின்ட் அடித்ததுபோல் தடிமனாகத் தெரிந்தால் பவுடர் கோட்டிங் (தூளாகத் தூவிச் சூட்டில் இறுக்கிய பூச்சு) அல்லது எபாக்ஸி என்ற பிசின் பூச்சு. காட்டு வேலைக்கான பெரிய கத்திகளில் இதைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். செராகோட் என்பது பீங்கான் துகள் கலந்த பெயின்ட் வகை, கொஞ்சம் மெல்லியது.

மங்கலான கறுப்பு, தடிமனே தெரியவில்லை, எண்ணெய் துடைத்தால் வெளிறுகிறது என்றால் கறுப்பு ஆக்சைடு. மேலே பூசியது அல்ல இது. இரும்பின் மேற்பரப்பே வேதிமாற்றத்தால் மேக்னடைட் என்ற கறுப்பு இரும்பு ஆக்சைடாக மாறியது. எண்ணெய் இல்லாமல் இது துருவைப் பெரிதாகத் தடுக்காது.

சிவப்பு, பச்சை, நீலம் என்று வரும் சமையல் கத்திகளில் இருப்பது பெரும்பாலும் நான்ஸ்டிக் பூச்சு அல்லது சாதாரண வண்ணப் பூச்சு. இவைதான் சீக்கிரம் தேயும்.

படி 2: கீறலா, ஒட்டிய கறையா?

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். டிஎல்சி போன்ற கடினமான பூச்சின் மேல் மிருதுவான உலோகம் உரசினால், தேய்வது அந்த உலோகம்தான். அதன் துகள் பூச்சில் அப்பிக்கொண்டு வெள்ளிக் கோடாக மின்னும். பார்ப்பவருக்குப் பூச்சு போய் இரும்பு தெரிவதாகத் தோன்றும். பிளாஸ்டிக் உறையும் இப்படித் தன் தடத்தை விட்டுவைக்கும்.

கத்தியைத் தட்டையான பலகையில் கிடத்துங்கள். கையில் பிடித்துக்கொண்டு துடைக்க வேண்டாம். மிதமான சோப்பு நீரில் நனைத்த துணியால், முதுகுப் பக்கத்திலிருந்து கூர்ப் பக்கத்தை நோக்கி, விளிம்பைத் தாண்டி வெளியே போகும்படி துடையுங்கள். விளிம்பு ஓரமாக நீளவாக்கில் தேய்த்தால் விரல் அறுபடும். காய்ந்ததும் பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பரால் கோட்டை மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். மை அழிக்கும் ரப்பர் வேண்டாம், அதில் அரைக்கும் தூள் உண்டு. போகவில்லையென்றால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணி. சொரசொரப்பான பவுடர் கோட்டிங் என்றால் ரப்பர் பயன்படாது. பழைய பல் துலக்கியும் சோப்பும்தான் சரி.

கோடு மறைந்துவிட்டதா? வேலை முடிந்தது. எண்ணெய் ஒரு துளி தடவி மூடி வையுங்கள்.

படி 3: நிஜக் கீறல் என்றால்

நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள். நகம் மாட்டாமல் வழுக்கினால் அது மேலோட்டமானது, விட்டுவிடுங்கள். மாட்டினால், அடியில் பளிச்சென்று இரும்பு தெரிகிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள்.

கூர் விளிம்பில் மட்டும் வெள்ளையாகத் தெரிவது பழுதே அல்ல. பெரும்பாலான கத்திகளுக்குப் பூச்சுக்குப் பிறகுதான் கூர் தீட்டுவார்கள். நீங்கள் சாணை பிடிக்கும்போதும் அந்த இடத்தில் பூச்சு போகத்தான் செய்யும். வெட்டும் திறனுக்கு இதனால் எந்தக் குறையும் இல்லை.

பக்கவாட்டில் இரும்பு தெரிந்தால், அடுத்து என்ன செய்வது என்பது எஃகைப் பொறுத்தது. துருப்பிடிக்காத எஃகு என்றால் கழுவித் துடைத்து உலர வைத்தால் போதும். 1095 போன்ற கார்பன் எஃகுக்கு அந்தப் பூச்சுதான் கவசம். அது போன இடத்தில் ஈரம் பட்டால் ஒரே இரவில்கூடச் செம்புள்ளி வரும். டி2 என்ற எஃகு வகை இரண்டுக்கும் நடுவில். அதில் குரோமியம் சுமார் 12 சதவீதம் இருந்தாலும் அதை நம்பி ஈரத்தோடு விட முடியாது. கார்பன் எஃகிலும் டி2-விலும் பூச்சு போன இடத்துக்கு, ஒவ்வொரு முறை உலர்த்திய பின்னும் உணவுத்தர மினரல் எண்ணெய் மெல்லியதாகத் தடவுங்கள். சமையல் எண்ணெய் நாளானால் பிசுபிசுத்துக் கெட்டுப்போகும்.

படி 4: துரு வந்துவிட்டால்

எண்ணெய் விட்டுப் பத்து நிமிடம் ஊற விடுங்கள். பிறகு பித்தளைக் காசு அல்லது கெட்டி பிளாஸ்டிக்கின் ஓரத்தால் புள்ளியை மட்டும் சுரண்டுங்கள். ஸ்டீல் ஸ்க்ரப்பர் போட்டால் துருவோடு சுற்றியுள்ள நல்ல பூச்சையும் மங்க அடித்துவிடும். கறுப்பு ஆக்சைடு கத்தியில் வினிகரை மட்டும் தொடாதீர்கள். துருவும் போகும், கறுப்பும் சேர்ந்து போகும்.

படி 5: மறைத்தே தீர வேண்டுமென்றால்

கறுப்பு மார்க்கர் ஒரு தற்காலிக ஒப்பனை. அலமாரியில் வைக்கும் கத்திக்குச் சரி. கார்பன் எஃகுக்கு, துப்பாக்கிக் குழல்களைக் கறுப்பாக்கும் குளிர் புளூயிங் திரவம் ஓரளவு பலன் தரும். துருப்பிடிக்காத எஃகில் அது பெரும்பாலும் பிடிக்காது. அந்தத் திரவத்தில் செலினியம் சேர்மங்கள் இருப்பது வழக்கம், நஞ்சு. கையுறை, காற்றோட்டம் இரண்டும் கட்டாயம். உணவு வெட்டும் கத்தியில் ஒருபோதும் வேண்டாம்.

டிஎல்சி, டைட்டானியம் நைட்ரைடு இரண்டையும் வீட்டில் ஒட்டுப்போட வழியே இல்லை. அவை வெற்றிட அறைக்குள் படிய வைக்கப்படுபவை.

கத்தியைச் சூடாக்கும் எந்த யோசனையையும் ஒதுக்கிவிடுங்கள். டார்ச் சுடரில் எஃகு நீலம் பாரித்தால் அந்த இடம் சுமார் 300 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டது என்று பொருள். பல கத்திகளுக்கு அதற்கு முன்பே பதம் இறங்கியிருக்கும், பிறகு கூர் நிற்காது.

படி 6: உரியும் பூச்சு

சமையல் கத்தியில் பூச்சு செதிலாக உரிய ஆரம்பித்தால் அதை உணவுக்குப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். அது தானாக நிற்காது, என்ன வண்ணம் என்றும் உங்களுக்குத் தெரியாது. இந்த வகைக் கத்தியைக் காப்பாற்ற மெனக்கெடுவது வீண் என்பது என் கருத்து.

பெரிய காட்டுக் கத்தி என்றால் பவுடர் கோட்டிங்கை பெயின்ட் ரிமூவரால் முழுக்க எடுக்கலாம். மெத்திலீன் குளோரைடு என்ற நச்சுக் கரைப்பான் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். திறந்த வெளியில், கையுறையோடு, கைப்பிடிக்கும் கூர் விளிம்புக்கும் டேப் சுற்றிவிட்டுச் செய்யுங்கள். ஊறியதும் பிளாஸ்டிக் சுரண்டியால் வழித்தெடுங்கள். ஒன்றை எதிர்பார்த்தே இறங்குங்கள்: பூச்சு மறைத்துவிடும் என்பதால் பல தயாரிப்பாளர்கள் அடியிலுள்ள இரும்பைச் சரியாகத் தேய்ப்பதே இல்லை. திட்டுத் திட்டாக, அரைத்த தடங்களோடுதான் அது வெளியே வரும். வாரண்டியும் போகலாம், முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

உறையையும் கவனியுங்கள்

ஒரே இடத்தில் ஒரே மாதிரிக் கோடுகள் திரும்பத் திரும்ப விழுந்தால் கத்தியை விட்டுவிட்டு உறையைச் சோதியுங்கள். உள்ளே மாட்டிய மணல் துகள்தான் பெரும்பாலும் காரணம். பிளாஸ்டிக் உறையானால் குழாய் நீரை வேகமாக உள்ளே பாய்ச்சிக் கழுவி, முழுக்க உலர வைத்த பிறகே கத்தியைப் போடுங்கள். தோல் உறையை நீரில் கழுவ முடியாது, கவிழ்த்துத் தட்டிக் கொட்டுங்கள். மாதக்கணக்கில் எடுத்து வைப்பதாக இருந்தால் தோல் உறைக்குள் கத்தியை விட்டுவைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், பூச்சு தேய்ந்த இடத்தில் முதல் துரு அங்கிருந்துதான் வரும்.