ட்ரிப் சுவிட்சைக் குற்றம் சொல்லும் முன்: டிபி பெட்டியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி மழை இரண்டு நாள் பெய்தால் போதும். திருகோணமலை மத்திய வீதி ஹார்ட்வெயார் கடைகளில் "ட்ரிப் சுவிட்ச் பழுதாப் போச்சு, 40 அம்பியர் ஒண்டு தாங்கோ" என்று ஆள் வந்து நிற்கும். புதியதை மாட்டுவார்கள், அதுவும் விழும். டூப்ளிகேட் சாமான் என்று கடைக்காரரோடு ஒரு சண்டை நடக்கும். பிறகு யாராவது வந்து ட்ரிப் சுவிட்சைச் சுற்றி வயரை நேரே கொடுத்துவிட்டுப் போவார். வீட்டில் எல்லாம் எரியும், எல்லோருக்கும் நிம்மதி. இத்தனைக்கும் நடுவில் ஒருவர்கூட மல்ரிமீற்றரைக் கையில் எடுத்திருக்க மாட்டார். விழுகிற சுவிட்ச் பெரும்பாலும் தன் வேலையைத்தான் செய்கிறது. ஆபத்தானது, விழ வேண்டிய நேரத்தில் விழாமல் இருப்பது.

வீட்டின் ஒவ்வொரு லைனுக்கும் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டிதான் டிபி. அதற்குள் இருப்பவற்றின் வேலை வேறு வேறு. மெயின் சுவிட்ச் கையால் நிறுத்துவதற்கு மட்டும், அது தானாக விழாது. ட்ரிப் சுவிட்ச், அதாவது ஆர்சிசிபி, லைவில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்டும் சமமா என்று மட்டும் பார்க்கும். வித்தியாசம் 30 மில்லி அம்பியரை எட்டினால் 0.3 செக்கனுக்குள் விழ வேண்டும், 15க்குக் கீழே விழக்கூடாது. ஓவர்லோட், ஷோர்ட் எதுவும் அதற்குத் தெரியாது. அதைப் பார்ப்பவை சிறிய பிரேக்கர்கள், அதாவது எம்சிபிகள். ஆகவே "லோட் கூடிப்போச்சு, அதுதான் ட்ரிப் சுவிட்ச் விழுது" என்பது பிழையான பேச்சு. லோட் கூடினால் எம்சிபிதான் விழும்.

நிறுத்திவிட்டோம் என்ற நம்பிக்கை

மெயின் சுவிட்சை நிறுத்தினாலும் அதற்குள் கரண்ட் வரும் பக்கத்து டெர்மினல்களில் 230 வோல்ற்று அப்படியே நிற்கும். பெட்டி முழுதும் செத்துவிட்டது என்று நினைத்து ஸ்குரூடிரைவரை விடுவதுதான் முதல் தவறு. அந்த இரண்டு டெர்மினல்களையும் கரண்ட் கடத்தாத ஒரு மூடியால் மறைத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

நியோன் டெஸ்டரை மட்டும் நம்புவது அடுத்தது. நியூட்ரல் எங்காவது அறுந்திருந்தால், ஓனில் இருக்கும் ஒரு பல்பின் வழியாக லைவ் சுற்றி வந்து நியூட்ரலிலும் டெஸ்டரை எரிய வைக்கும். டிஜிட்டல் மீற்றருக்கு இதற்கு எதிர்க் குணம். பக்கத்து வயரின் தூண்டலால் வெறும் வயரில்கூட 60, 80 வோல்ற்று காட்டும். சந்தேகம் வந்தால் ஒரு குண்டு பல்பை ஹோல்டரோடு இரண்டு வயர் வைத்து எடுத்துத் தொடுத்துப் பாருங்கள். உண்மையான கரண்ட் என்றால் பல்பு எரியும், பேய் வோல்ற்று என்றால் காணாமல் போகும். கை வைக்கும் முன் எரிகிற ஒரு பொயின்டில் மீற்றரைச் சோதித்து, பிறகு வேலை செய்யும் இடத்தைச் சோதித்து, மறுபடி எரிகிற பொயின்டில் சோதிக்க வேண்டும். நடுவில் மீற்றரின் பட்டரி செத்திருந்தால் இப்படித்தான் தெரியவரும்.

எல்லா பிரேக்கரையும் நிறுத்தியும் விழுகிறது என்றால்

ட்ரிப் சுவிட்ச் அநியாயமாகக் குப்பைக்குப் போவது இந்த இடத்தில்தான். வழக்கமான தேடல் இப்படி: எல்லா எம்சிபியையும் நிறுத்தி, ட்ரிப் சுவிட்சை ஏற்றி, ஒவ்வொன்றாகப் போடுவது. எல்லாம் நிறுத்தியிருக்கும்போதே விழுந்தால் "சுவிட்ச்தான் பழுது" என்று தீர்ப்பு. தீர்ப்பு பிழை. வீட்டு எம்சிபி லைவை மட்டும்தான் அறுக்கும். நியூட்ரல்கள் எல்லாம் நியூட்ரல் பார் என்ற உலோகப் பட்டையில் ஒன்றாகவே கிடக்கும். தோட்டத்து லைட்டின் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கி நியூட்ரலும் ஏர்த்தும் ஒட்டியிருந்தால், அந்த லைனின் எம்சிபி நிறுத்தியிருந்தாலும் கசிவு நிற்காது.

இதில் ஆளை ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. நம் ஊரில் ஒவ்வொரு வீடும் தன் ஏர்த் கம்பியைத் தானே நிலத்தில் அடித்துக்கொள்கிறது, ட்ரான்ஸ்போமரின் நியூட்ரல் அங்கே தனியாக ஏர்த் செய்யப்பட்டிருக்கிறது. 2000 வாற்று கேத்தலைப் போட்டால் கிட்டத்தட்ட 9 அம்பியர் நியூட்ரலில் திரும்பும், வீட்டு நியூட்ரல் ஏர்த்தைவிட ஒரு வோல்ற்று, இரண்டு வோல்ற்று உயரும். எங்கோ நியூட்ரல் ஏர்த்தில் ஒட்டியிருந்தால் அந்தச் சிறு வோல்ற்றே போதும். நிலத்தினூடான மொத்தத் தடை 30 ஓம் என்றால் 1 வோல்ற்றுக்கு 33 மில்லி அம்பியர், சுவிட்ச் விழும். விழுந்த நேரத்தில் கேத்தல் ஓடிக்கொண்டிருந்ததால் பழி கேத்தலுக்கு. கேத்தலை மாற்றினால் அயன் போடும்போது விழும். சில வீடுகளில் பொழுதுபட்ட பிறகு மட்டும் விழும், அது அயல் வீடுகளின் லோட்டாலும் லைனின் நியூட்ரல் உயர்வதால். "ராவில மட்டும் விழுது" என்று யாராவது சொன்னால் நியூட்ரல்–ஏர்த் ஒட்டலை முதலில் சந்தேகியுங்கள்.

தேடும் முறை இது. மெயின் சுவிட்ச் நிறுத்தம், எல்லா எம்சிபியும் நிறுத்தம். நியூட்ரல் பாரிலிருந்து வெளியே போகும் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எந்த எம்சிபிக்குரியது என்று டேப்பில் எழுதி ஒட்டி, தனித்தனியாக விலக்கி வையுங்கள். இப்போது மெயினையும் ட்ரிப் சுவிட்சையும் மட்டும் ஏற்றுங்கள். விழாமல் நின்றால் சுவிட்சைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வெளியே ஒரு வயரும் இல்லாமலே விழுந்தால்தான் அது பழுது. மறுபடி மெயினை நிறுத்தி, கழற்றிய ஒவ்வொரு நியூட்ரலுக்கும் ஏர்த் பாருக்கும் இடையே 500 வோல்ற்று மெகர், அதாவது வயரின் காப்புத் தடையை அளக்கும் மீற்றர், வைத்துப் பாருங்கள். 1 மெகா ஓமுக்குக் குறைந்த லைன்தான் குற்றவாளி. மெகர் வைக்கும் முன் டிவி, பிரிட்ஜ், ரவுட்டர் எல்லாவற்றின் பிளக்கையும் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் 500 வோல்ற்று அவற்றுக்குள் போகும். சாதாரண மல்ரிமீற்றரின் ஓம் அளவு முழுதாக ஒட்டிய பிழையைக் காட்டும். ஈரத்தால் வரும் கசிவைப் பல நேரம் காட்டாது, அதன் 9 வோல்ற்று பட்டரிக்கு அந்தப் பலம் இல்லை.

ஒன்றை மறக்க வேண்டாம். நியூட்ரலைக் கழற்றிய லைனின் எம்சிபியை ஏற்றவே கூடாது. ஓனில் இருக்கும் பல்பின் வழியாகக் கரண்ட் வந்து, நீங்கள் விலக்கி வைத்த அந்த நியூட்ரல் வயரின் நுனியில் 230 வோல்ற்று நிற்கும்.

ஒட்டலும் இல்லை, ஈரமும் இல்லை, ஆனாலும் இடைக்கிடை விழுகிறது என்றால் கசிவுகளின் கூட்டுத்தொகையைப் பாருங்கள். கொம்பியூட்டர், இன்வேட்டர் ஏசி, எல்ஈடி டிரைவர் எல்லாவற்றின் ஃபில்டரும் ஏர்த்துக்குச் சிறிது கசியவிடும். ஒன்று 1, இன்னொன்று 3 மில்லி அம்பியர் என்று சேர்ந்து 15ஐத் தாண்டினால் சுவிட்ச் விளிம்பில் நிற்கும். உப்புவெளி, நிலாவெளி விடுதிகளில் பத்து அறைக்கும் ஒரே ட்ரிப் சுவிட்ச் போட்டிருந்தால் இது எதிர்பார்க்க வேண்டியதே. லைன்களைப் பிரித்து இரண்டு மூன்று சுவிட்ச் போடுவதுதான் வழி. பிரிக்கும்போது நியூட்ரல் பாரையும் பிரிக்க வேண்டும். ஒரு சுவிட்சின் லைவும் மற்றதன் நியூட்ரலும் கலந்தால், லோட் போட்ட கணமே இரண்டில் ஒன்று விழும். மாடிப்படியின் இரு வழி லைட்டில் இந்தக் கலப்பு அடிக்கடி ஒளிந்திருக்கும்.

டி பொத்தான் சொல்லாதவை

ட்ரிப் சுவிட்சில் உள்ள டி (டெஸ்ட்) பொத்தானை அழுத்தினால் விழுகிறது, ஆகவே ஏர்த் நன்றாக இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பொத்தான் சுவிட்சுக்குள்ளேயே ஒரு தடையின் வழியாகக் கசிவை உண்டாக்குகிறது. ஏர்த் வயரே இல்லாத வீட்டிலும் விழும். அது காட்டுவது பொறிமுறை அசைகிறது என்பதை மட்டும்தான். ஆனாலும் மாதம் ஒரு தடவை அழுத்த வேண்டும், கடற்காற்றில் அசையாமல் கிடக்கும் பொறி இறுகும். அழுத்தி விழாவிட்டால் சுவிட்சை மாற்றுங்கள், பேச்சில்லை. ஒரு விதிவிலக்கு: நான்கு துருவ சுவிட்சை ஒற்றை பேஸுக்குப் பயன்படுத்தியிருந்தால், பொத்தானின் உள் இணைப்பு உள்ள துருவங்களில் வயர் இல்லாமல் போயிருக்கலாம். பக்கத்தில் அச்சிட்ட படத்தைப் பார்த்து இணைப்பை மாற்றினால் வேலை செய்யும்.

ட்ரிப் சுவிட்சைச் சுற்றி நேரே கொடுப்பது ஏன் இவ்வளவு மோசம் என்பதற்கு ஒரு கணக்கு போதும். பிரிட்ஜின் உடம்பில் லைவ் பட்டுவிட்டது, ஏர்த் கம்பியின் தடை 20 ஓம் என்று வைப்போம். 230ஐ 20ஆல் வகுத்தால் 11.5 அம்பியர். 20 அம்பியர் எம்சிபிக்கு அது சாதாரண லோட், நாள் முழுக்க விழாது. பிரிட்ஜின் உடம்பு மெயின் வோல்ற்றிலேயே நிற்கும். கச்சான் காற்றடிக்கும் ஆனி, ஆடியில் கரையோர மணல் காய்ந்து ஏர்த் தடை இன்னும் ஏறும். ட்ரிப் சுவிட்ச் இருந்தால் 20 ஓம் என்ன, 200 ஓமிலும் விழும். ஏர்த்துக்குக் கரண்ட் கசியும்போது ஆளைக் காப்பது ட்ரிப் சுவிட்ச், எம்சிபி அல்ல.

எம்சிபியில் நடக்கும் பிழைகள்

விழுந்த எம்சிபியை நேரே மேலே தள்ளினால் சில வகைகளில் ஏறாது. முதலில் முழுதாகக் கீழே இழுத்து, உள்ளே கொழுவும் சத்தம் கேட்ட பிறகு ஏற்ற வேண்டும். ஓவர்லோட்டில் விழுந்ததென்றால் உள்ளிருக்கும் ஈருலோகத் தகடு ஆற இரண்டு மூன்று நிமிடம் கொடுங்கள். இது தெரியாமல் மாற்றப்படும் நல்ல எம்சிபிகள் ஏராளம். ஏற்றியதும் "டப்" என்று அந்தக் கணமே விழுந்தால் ஷோர்ட். திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்க்க வேண்டாம், ஒவ்வொரு தடவையும் உள்ளே தொடுமுனை கருகும்.

விழுகிறது என்று 10 அம்பியரை எடுத்துவிட்டு 20 போடுவது வீட்டைக் கொளுத்தும் வேலை. லைட் லைனில் ஓடுவது 1/1.13 வயர், 1 சதுர மில்லிமீற்றர். அதற்கு 6 அல்லது 10 தான். 7/0.67 வயருக்கு, அது 2.5 சதுர மில்லிமீற்றர், தனி லைன் என்றால் 16 அல்லது 20. பிரேக்கர் காப்பது வயரை, ஆகவே வயரைப் பார்த்துத்தான் அளவு. கிணற்று மோட்டர் தொடங்கும்போது மட்டும் விழுகிறது என்றால் அளவைக் கூட்டாமல் வகையை மாற்றுங்கள். பி வகை 3 முதல் 5 மடங்கு கரண்டில் உடனே விழும், சி வகை 5 முதல் 10 மடங்கில். 1 குதிரை வலு மோட்டர் ஓடும்போது 6 அம்பியர் எடுத்தாலும் தொடக்கத்தில் 30ஐத் தாண்டும். 10 அம்பியர் பி வகை அதைத் தாங்காது, அதே 10 சி வகை தாங்கும்.

பெட்டியில் உண்மையாகவே அதிகம் பழுதாவது பிரேக்கரின் உட்பகுதி அல்ல, ஸ்குரூ. தளர்ந்த முனையில் 0.1 ஓம் தடை வந்து 15 அம்பியர் ஓடினால் 22 வாற்றுக்கு மேல் சூடு, ஒரு சோல்டரிங் அயன் பெட்டிக்குள் ஓய்வில்லாமல் எரிவதற்குச் சமம். பிளாஸ்டிக் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, மீன் வாடை போல ஒன்று வரும். சூட்டால் பிரேக்கர் தன் அளவுக்கு முன்பே விழும், புதியதை அதே தளர்ந்த வயரில் மாட்டினால் அதுவும் விழும். மாற்றும்போது கருகிய செம்பை வெட்டி, புதிதாகச் சீவி, வயரின் ரப்பர் உறை கிளாம்புக்குள் போகாமல், செம்பு முனை ஸ்குரூவுக்குக் கீழுள்ள கூண்டுக்குள்தான் போயிருக்கிறதா என்று பார்த்து இறுக்க வேண்டும். சில நேரம் கூண்டுக்குப் பின்னால் வயர் நழுவி நிற்கும், ஸ்குரூ இறுகியது போலவே இருக்கும். பிரேக்கர்களை வரிசையாக இணைக்கும் சீப்பு போன்ற பட்டையான பஸ்பாரின் பல்லுக்கும் இதே கதி. இறுக்கியதும் ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பாருங்கள்.

உப்பும் வெள்ளமும்

கடற்கரைப் பக்கத்துப் பெட்டியில் செம்பு பச்சை பிடிக்கும், ஸ்பிரிங் துருப்பிடிக்கும். இறுகிய பிரேக்கருக்குள் துரு நீக்கும் ஸ்பிரே அடிப்பதும் மண்ணெண்ணெய் விடுவதும் கூடாது. எண்ணெய் தூசியைப் பிடித்து, தீப்பொறியில் கரியாகி, கரண்ட் கடத்தும் பாதையாகிவிடும். பிரேக்கர் திறந்து பழுது பார்க்கும் சாமான் அல்ல. பெட்டியின் மேல் துளையால் வயர் கொண்டுவராமல் கீழால் கொண்டுவந்து, வெளியே ஒரு வளைவு விட்டால் மழைத்தண்ணீர் வயரோடு உள்ளே வராது. பயன்படுத்தாத துளைகளை அடைத்தால் பல்லியும் எறும்பும் வராது.

மூதூர், கிண்ணியாப் பக்கம் வெள்ளத்தில் மூழ்கிய பெட்டிகளை வெயிலில் காயவைத்துத் திரும்பப் பூட்டுவதைக் காணலாம். வெளியே காய்ந்தாலும் சேறு உள்ளே பொறியில் நிற்கும், விழ வேண்டிய நேரத்தில் விழாது. மூழ்கிய பிரேக்கர், ட்ரிப் சுவிட்ச் அனைத்தையும் மாற்றுங்கள். வயரைக் கழுவிக் காயவைத்து மெகர் பார்த்துப் பாவிக்கலாம்.

மூன்று பேஸ் வீட்டில் சில லைட் பளிச்சென்றும் சில மங்கியும் எரிந்தால் ஆராய்ச்சி வேண்டாம், உடனே மெயினை நிறுத்துங்கள். நியூட்ரல் கழன்றிருக்கிறது, 400 வோல்ற்று சாமான்களுக்கிடையே தாறுமாறாகப் பங்குபோகிறது. கழன்ற இடம் மீற்றருக்குப் பக்கத்தில் சீல் வைத்த பகுதி என்றால் அதைத் தொடும் உரிமை உங்களுக்கும் இல்லை, உங்கள் வயர்மனுக்கும் இல்லை. மின்சார சபையின் 1987க்கு அழைத்து, "நியூட்ரல் போய்விட்டது" என்று அந்தச் சொல்லாலேயே சொல்லுங்கள்.