டைவ் அடிக்கும்போது கடல்பாம்பு நேரா நம்மகிட்ட வந்தா என்ன பண்ணணும்

ஆஸ்திரேலியாவுக்கு ஃபீல்ட்வொர்க் போற மெரைன் பயாலஜி பசங்க பொண்ணுங்க எல்லாருக்கும் இது. அதுவும் கிரேட் பேரியர் ரீஃப்ங்கற பெரிய பவளப்பாறைத் தொடரோட தெக்குப் பக்கம், மே மாசத்துலேர்ந்து ஆகஸ்ட்டுக்குள்ள போறீங்கன்னா கட்டாயம் ஒரு தடவ முழுசா படிச்சிட்டு போங்க. கெளம்பும்போது எல்லாரும் சுறாவ பத்திதான் கேப்பாங்க, எங்க அம்மாவும் ஏர்போர்ட்ல அதத்தான் கேட்டாங்க. ஆனா எனக்கு உசுரு கையில வந்தது சுறாவால இல்ல, ஆலிவ் கடல்பாம்பால.

ஜூலை மாசம், ஒம்பது மீட்டர் ஆழம். 50 மீட்டர் டேப்ப பவளத்து மேல விரிச்சிட்டு, டேப்புக்கு கீழ என்ன பவளம் இருக்குன்னு ஸ்லேட்ல பென்சிலால எழுதிக்கிட்டே போறேன். தல நிமிந்து பாத்தா எதுக்க ஒரு பாம்பு, என் மணிக்கட்டு தடிமன் இருக்கும், துடுப்பு மாதிரி தட்டையான வால ஆட்டிக்கிட்டு நேரா மூஞ்சிக்கு வருது. நான் திரும்பி, கால்ல மாட்டியிருந்த ஃபின்ன (நீச்சல் துடுப்ப) வேகமா அடிச்சு ஓடுனேன். அது இன்னும் வேகமா தொரத்திட்டு வந்து என் இடது ஃபின்ல சுத்திக்கிச்சு. கால ஒதறப் போனப்போ கூட வந்த சீனியர் அக்கா என் டேங்க் வால்வ புடிச்சு நிறுத்தி, உள்ளங்கைய விரிச்சு "அசையாத"ன்னு காட்டுனாங்க. நின்னேன். பாம்பு ஃபின் ரப்பர நாக்கால ரெண்டு மூணு எடத்துல தொட்டுப் பாத்துச்சு, அப்பறம் தானா சுத்து அவுந்து போயிடுச்சு. டேங்க்ல எவ்ளோ காத்து மிச்சம்னு காட்டுற கேஜ பாத்தா, 120 பார் அழுத்தத்துல இருந்தது 95க்கு எறங்கியிருக்கு, அவ்ளோ வேகமா மூச்சு வாங்கியிருக்கேன்.

அது ஏன் தொரத்துச்சுன்னு அன்னைக்கு ராத்திரி அக்கா சொல்லித்தான் தெரியும். டிம் லிஞ்ச்னு ஒருத்தர் அவரோட பிஎச்டிக்காக 1994, 95ல இதே தெக்குப் பக்க ரீஃப்ல டைவ் பண்ணி இந்தப் பாம்புங்கள மட்டும் பாத்துக்கிட்டு இருந்திருக்காரு. 158 தடவ பாம்ப சந்திச்சதுல 74 தடவ பாம்பே அவர்கிட்ட வந்திருக்கு. அந்த டேட்டாவ வெச்சு 2021ல வந்த பேப்பர்ல சொல்ற விஷயம் இதுதான்: மே முதல் ஆகஸ்ட் வரைக்கும் இதுங்க ஜோடி சேர்ற காலம், வேகமா பாயறதெல்லாம் பெரும்பாலும் ஆண் பாம்பு. தண்ணிக்குள்ள அதுக்கு கண்ணு அவ்வளவா தெளிவா தெரியாது, பக்கத்துல வந்து நாக்கால தொட்டாதான் எதுன்னு புரியும். பொண்ணு பாம்ப தொரத்திட்டு வந்து தவறவிட்ட நேரத்துல ஒரு பெரிய உருவம் கண்ணுல பட்டா, அதுதான் பொண்ணுன்னு நெனச்சு கிட்ட வருது. நாம ஓடுனா இன்னும் மோசம், ஏன்னா பொண்ணு பாம்பும் அப்படித்தான் ஓடும்.

அதனால ஓடாம இருக்கறதுதான் இதுல மொத வேல, மத்ததெல்லாம் அதுக்கு அப்பறம்தான்.

பாம்பு வர்றத பாத்த ஒடனே ஃபின் அடிக்கறத நிறுத்துங்க. கீழ மணல் இருந்தா மெதுவா எறங்கி நில்லுங்க, பவளம் இருந்தா அது மேல உக்காராம அப்படியே மிதந்து நில்லுங்க. கைய மார்போட மடக்கி வெச்சுக்கோங்க, விரல் நீட்டிக்கிட்டு இருக்க வேணாம். அசையாம இருக்கணும்னு சொன்னா மூச்ச அடக்கணும்னு அர்த்தம் இல்ல, நெறைய பேரு இங்கதான் தப்பு பண்றாங்க, ஸ்கூபால எந்த நேரத்துலயும் மூச்ச அடக்கக் கூடாது, நிதானமா இழுத்து நிதானமா விடுங்க. பயத்துல நேரா மேல பாஞ்சுடாதீங்க. நிமிஷத்துக்கு 9 மீட்டருக்கு மேல வேகமா ஏறுனா நுரையீரலுக்கும் ரத்தத்துக்கும் வர்ற ஆபத்து அந்தப் பாம்ப விட பெருசு. ஸ்லேட்டால தள்ளறது, அடிக்கறது, சுத்திக்கிட்டா இழுக்கறது எதுவும் வேணாம், அதுவா விடுற வரைக்கும் விட்டுடுங்க. பாம்பும் தண்ணிக்கு மேல போயித்தான் காத்து வாங்கணும், அதுக்கு நுரையீரல்தான் இருக்கு, செவுள் கெடையாது. அது மேல ஏறுற வழியில நின்னீங்கன்னா கொஞ்சம் ஒதுங்கி விட்டுடுங்க.

நம்ம ராமநாதபுரம், தூத்துக்குடி பக்கம் வளந்தவங்களுக்கு தனியா ஒண்ணு சொல்லணும். ஊர்ல வலையில கடல்பாம்பு மாட்டுனா வால புடிச்சு தூக்கி கடல்ல வீசறத பாத்தே வளந்திருப்போம், அந்த தைரியத்துல அங்க கை வைக்காதீங்க. விஷம் கடுமையானது, அதோட அந்த நாட்டுல எல்லா கடல்பாம்பும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது.

போறதுக்கு முன்னாடி பண்ண வேண்டியது கொஞ்சம் இருக்கு. அங்க ஆராய்ச்சிக்கு டைவ் பண்றது தொழில் கணக்குலதான் வரும், சாதாரண டாக்டர் சர்ட்டிஃபிகேட் ஏத்துக்க மாட்டாங்க, டைவிங் மெடிசின் படிச்ச டாக்டர்கிட்ட ஏஎஸ் 2299.1ங்கற தொழில் டைவிங் தரப்படி மெடிக்கல் எடுக்கணும், சின்ன வயசுல ஆஸ்துமா இருந்திருந்தாலும் மறைக்காதீங்க. இன்சூரன்ஸ்ல டைவிங் சேருதான்னு பாருங்க. ஜூலைல தண்ணி இருபத்தொரு டிகிரி கிட்டதான் இருக்கும், 5 மில்லிமீட்டர் வெட்சூட், ஹூட், க்ளவுஸ் எல்லாம் குளிருக்கும் ஆச்சு, பாம்புக்கும் ஒரு தடுப்பு ஆச்சு. போட்ல அகலமான எலாஸ்டிக் பேண்டேஜ் ரெண்டு மூணு ரோல் இருக்கான்னு நீங்களே கண்ணால பாத்துடுங்க, இருக்கும்னு நம்பி எறங்காதீங்க. எறங்கறதுக்கு முன்னாடியே பார்ட்னர்கிட்ட பாம்புக்குன்னு ஒரு கை சைகை பேசி வெச்சுக்கோங்க, யாருகிட்ட பாம்பு வந்தாலும் இன்னொருத்தர் அவங்க டேங்க புடிச்சு நிறுத்தணும்னும் பேசிக்கோங்க. என்னைய காப்பாத்துனது அந்த ஒரு கைதான்.

கடிச்சா? கடி வலிக்காமலே கூட இருக்கலாம், ஊசி குத்துன மாதிரி சின்ன புள்ளிங்கதான் தெரியும். சந்தேகம் இருந்தாலே டைவ நிறுத்திட்டு முறையா மேல வந்து சொல்லிடுங்க, வெக்கப்பட்டுக்கிட்டு மறைக்காதீங்க. கடிச்ச கையையோ காலையோ முழுசா பேண்டேஜ் இறுக்கி சுத்தி, கட்டை வெச்சு அசையாம கட்டி, ஆள படுக்க வெச்சிட்டு அந்த ஊர் அவசர நம்பர் 000க்கு கூப்பிடணும். கீறறது, உறிஞ்சறதெல்லாம் பண்ணவே கூடாது. ஒடம்பெல்லாம் தசை வலி, கண் எம மூடிக்கிட்டே போறது, யூரின் கருஞ்செவப்பா போறதெல்லாம் கொஞ்ச நேரம் கழிச்சுதான் வரும், அதனால ஒண்ணும் ஆகலையேன்னு உக்காந்திருக்காதீங்க. அங்க கடல்பாம்புக்கு விஷமுறிவு மருந்து இருக்கு, நேரத்துக்கு போய் சேரணும், அவ்வளவுதான்.

பயம் வந்த டைவுக்கு அப்பறம் அன்னைக்கே திரும்ப எறங்கணும்னு கட்டாயம் இல்ல. நான் எறங்கல. போட்லயே உக்காந்து மணி, ஆழம், பாம்பு எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சு, எவ்ளோ நேரம் இருந்துச்சு எல்லாம் எழுதுனேன், எழுத எழுத கை நடுக்கம் நின்னுச்சு.

மூணு நாள் கழிச்சு அதே எடத்துல இன்னொண்ணு வந்துச்சு. மணல்ல முட்டி போட்டு கைய மடக்கிக்கிட்டேன். டேப்ப ஒரு தடவ நாக்கால தொட்டுச்சு, என் முட்டிய தொட்டுச்சு, அப்பறம் மேல வெளிச்சத்த பாத்து ஏறி போயிடுச்சு. நான் ஸ்லேட்ட எடுத்து 31வது மீட்டர்லேர்ந்து எழுத ஆரம்பிச்சேன்.