டியூனிங் முறைகளை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓவனின் வெப்பநிலையைக் காக்கும் பிஐடி கண்ட்ரோலருக்குச் சரியான எண்களைத் தேர்ந்து வைப்பதுதான் டியூனிங். உலர்த்தும் ஓவனை 30 டிகிரியிலிருந்து 120 டிகிரிக்கு ஏற்றிவிட்டு, எந்த டியூனிங்கில் ஓவர்ஷூட் (இலக்கைத் தாண்டிப் போவது) குறைவோ அதுதான் நல்லது என்று முடிவு கட்டுவார்கள். நான் அடிக்கடி பார்க்கும் தவறு இது. பார்வைக்கு நியாயமாகத்தான் தெரியும். ஆனால் அந்த கிராஃப் டியூனிங்கைப் பற்றிச் சொல்வது மிகக் குறைவு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிஐடி கண்ட்ரோலர் மூன்றைக் கூட்டி ஹீட்டரை இயக்குகிறது: இப்போதைய பிழை (பி), சேர்ந்துவந்த பிழை (ஐ, இன்டெக்ரல்), பிழை மாறும் வேகம் (டி, டெரிவேட்டிவ்). முதலில் பி மட்டும் வைத்து கெயினை, அதாவது ஒரு டிகிரி பிழைக்கு எத்தனை சதவீத பவர் என்பதை, ஏற்றுகிறோம். டிகிரிக்கு 20 சதவீதம் என்ற கெயினில் வெப்பநிலை ஓயாமல் ஊசலாடுகிறது, ஓர் ஊசலுக்கு 240 நொடி என்று வைத்துக்கொள்வோம். இந்த இரண்டு எண்களிலிருந்து, 1942-ல் வந்த சீக்லர்-நிக்கோல்ஸ் முறைப்படி கெயின் 12, இன்டெக்ரல் நேரம் 120 நொடி, டெரிவேட்டிவ் 30 நொடி. டைரியஸ்-லூய்பென் முறைப்படி கெயின் சுமார் 9, இன்டெக்ரல் 528 நொடி, டெரிவேட்டிவ் 38.

கெயின் 12 என்றால், எட்டரை டிகிரி குறைந்தாலே ஹீட்டர் முழு பவருக்குப் போய்விடும். நாம் ஏற வேண்டியதோ 90 டிகிரி. ஆக, வழியின் பெரும்பகுதியில் இரண்டு முறைகளிலும் ஹீட்டர் ஒரே மாதிரிதான் எரிகிறது. அந்த நேரமெல்லாம் இன்டெக்ரல் பிழையைச் சேர்த்து வைத்தால் 120-ஐத் தாண்டத்தான் செய்யும். அப்படியானால் நாம் சோதித்தது கண்ட்ரோலரின் ஆன்டி-வைண்டப்பை, அதாவது பிழை இப்படிச் சேர்வதைத் தடுக்கும் ஏற்பாட்டை.

அதனால் 120-ல் நன்றாக நிலைத்த பிறகு சோதியுங்கள். நாலைந்து டிகிரி இறங்கும் அளவுக்குக் கதவைத் திறந்து மூடுங்கள், இரண்டு முறைக்கும் அதே நேரம். அப்புறம் செட் பாயிண்டை (இலக்கு வெப்பநிலையை) 3 டிகிரி மட்டும் ஏற்றிப் பாருங்கள். கதவுச் சோதனையில் சீக்லர்-நிக்கோல்ஸ் வேகமாக மீளும். அடுத்ததில் அதுவே கூடுதலாக ஆடும். ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதில் கால்வாசியாகக் குறைய வேண்டும் என்பதுதான் அதன் இலக்கு, எனவே அதைக் குறை என்று எழுதிவிடக் கூடாது. சூடு கூடினால் கெட்டுப்போகும் பொருள் உள்ளே இருந்தால் நான் டைரியஸ்-லூய்பெனைத்தான் எடுப்பேன்.

கண்ட்ரோலர் தானே எண்களைக் கண்டுபிடிக்கும் ஆட்டோ டியூனில் வேறொரு சிக்கல். ஹீட்டரை மாற்றி மாற்றி ஆன், ஆஃப் செய்து, வரும் ஊசலிலிருந்து அது கெயினைக் கணக்கிடுகிறது. காலி ஓவனில் ஓட்டிய ஆட்டோ டியூனை, சரக்கு நிறைந்திருந்தபோது கையால் செய்த டியூனிங்கோடு ஒப்பிடுவதில் பொருளே இல்லை. இன்னொன்று, ஓவனைக் குளிர்விக்க எதுவும் இல்லை, தானாகத்தான் ஆறும். ஏறுவது வேகம், இறங்குவது மெதுவு. இரண்டு பக்கமும் சமமாக ஆடும் என்று வைத்துப் போட்ட சூத்திரம் அங்கே பிசகும். சோதனைகளுக்கு நடுவே வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிளை நகர்த்தினாலும் இதே கதிதான்: தாமதம் மாறிவிடும், முந்தைய எண்கள் வேறோர் ஓவனுடையவை ஆகிவிடும்.

லாம்டா என்ற இன்னொரு டியூனிங் முறையில், இலக்கை எட்டும் வேகத்தை நாமே தேர்ந்தெடுக்கிறோம்; அதைக் குறிக்கும் நேரம்தான் லாம்டா. மெதுவான லாம்டாவை வைத்துவிட்டு 'இந்த முறை மந்தம்' என்று சொல்வது அநியாயம்.

கடைசியாக, எண்களை உள்ளிடும் இடம். சில கண்ட்ரோலர்கள் கெயின் கேட்கும், சில அதன் தலைகீழ் அளவான புரப்போர்ஷனல் பேண்ட் கேட்கும். சிலதில் இன்டெக்ரல் நொடியில், சிலதில் நிமிடத்தில், சிலதில் கேஐ என்ற கெயினாகவே (கெயினை இன்டெக்ரல் நேரத்தால் வகுத்தது) இருக்கும். மேலே சொன்ன 12-க்கும் 120 நொடிக்கும் கேஐ 0.1. அந்தக் கட்டத்தில் 120 என்றே அடித்தால் இன்டெக்ரல் 1,200 மடங்கு வலுவாகிவிடும். ஓவன் தாறுமாறாக ஆடும், பழி முறையின் மேல் விழும்.