தாயக்கட்டையில் பகா எண் விழும் நிகழ்தகவு: எண்ணுவது எப்படி?

செட்டிநாட்டு வீடுகளில் முற்றத்தை ஒட்டிய தரையில் சாக்கட்டியால் கட்டம் வரைந்து ஆடும் தாயத்துக்கு இரண்டு பித்தளைக் கட்டைகள் போதும். நிகழ்தகவைக் கற்கத் தொடங்குபவருக்கும் அவற்றைவிடச் சிறந்த கருவி இல்லை என்பது என் எண்ணம். ஒவ்வொரு கட்டையிலும் உள்ள நான்கு நீள முகங்களில் ஒன்று வெறுமையாகவும், மற்றவை 1, 2, 3 புள்ளிகளோடும் இருக்கும். சீராக வார்த்த இரு கட்டைகளை உருட்டினால் பகா எண் (1-ஐவிடப் பெரியதாய், 1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண்) விழுவதற்கான நிகழ்தகவு என்ன?

முதலில் கூறுவெளியை, அதாவது நிகழக்கூடிய எல்லா விளைவுகளின் தொகுப்பை, எழுத வேண்டும். ஒரு கட்டையில் சிவப்பு நூலைக் கட்டிக்கொள்ளுங்கள். நூல் கட்டை 4 வகையில் விழலாம், அவை ஒவ்வொன்றோடும் மற்றது 4 வகையில் விழலாம் என்பதால் மொத்த விளைவுகள் 4 × 4 = 16. நூல் கட்டையில் 1, மற்றதில் 2 விழுவதும், நூல் கட்டையில் 2, மற்றதில் 1 விழுவதும் வெவ்வேறு விளைவுகள். ஆனால் இரண்டிலும் 1 விழுவது ஒரே விளைவுதான்.

அடுத்து, ஒவ்வொரு தொகையும் எத்தனை வழிகளில் கிடைக்கிறது என்று எண்ணுங்கள். இரண்டும் வெறுமையாக விழுந்தால் ஆட்டத்தில் அது 12.

1 – 2 வழிகள்
2 – 3 வழிகள்
3 – 4 வழிகள்
4 – 3 வழிகள்
5 – 2 வழிகள்
6 – 1 வழி
12 – 1 வழி

இவற்றுள் பகா எண்கள் 2, 3, 5. அவற்றின் வழிகள் 3 + 4 + 2 = 9; நிகழ்தகவு 9/16.

பலர் தடுமாறும் இடம் இதுவே: ஏழு தொகைகளில் மூன்று பகா எண்கள் என்று பார்த்து 3/7 என எழுதிவிடுகிறார்கள். தொகைகள் ஏழும் சம வாய்ப்புடையவை அல்ல. சம வாய்ப்பு அந்தப் பதினாறு விளைவுகளுக்குத்தான் உண்டு.

பகா எண் அல்லாதது விழும் நிகழ்தகவு 1 − 9/16 = 7/16. ஆனால் வினாவில் 'பகு எண்' (இரண்டுக்கு மேற்பட்ட வகுத்திகள் உள்ள எண்) என்றிருந்தால் விடை மாறும். தாயம் எனப்படும் 1-க்கு ஒரே ஒரு வகுத்தி மட்டுமே இருப்பதால் அது பகா எண்ணும் அன்று, பகு எண்ணும் அன்று. ஆகவே 4, 6, 12 ஆகியவற்றின் 3 + 1 + 1 = 5 வழிகளை மட்டும் கொண்டு 5/16 என எழுத வேண்டும்.

விடையைச் சரிபார்க்க, நூல் கட்டையின் முகம்வாரியாகப் பகா எண்களை மீண்டும் எண்ணலாம். அது வெறுமையாக விழுந்தால் 2 வழிகள், ஒன்று விழுந்தால் 2 வழிகள், இரண்டு விழுந்தால் 3 வழிகள், மூன்று விழுந்தால் 2 வழிகள். கூட்டினால் அதே 9.