லிஸ்பன், போர்ட்டோ டைல் சுவர்களை நின்று பார்ப்பது எப்படி

போர்ச்சுகலின் லிஸ்பனிலும் போர்ட்டோவிலும் வெளிச்சுவரில் டைல் பதித்த வீட்டைத் தேடி அலைய வேண்டியதே இல்லை. பழைய பகுதியில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் கண்ணில் படும். ஆனால் பத்து வீடு தாண்டியதும் எல்லாம் ஒன்றுபோலத் தெரிய ஆரம்பித்துவிடும். அதனால் தெருவுக்கு ஒரு வீடு போதும் என்பது என் கட்சி.

முதலில் எதிர்ச்சாரிக்குப் போய் முழு முகப்பையும் பாருங்கள். ஜன்னலைச் சுற்றி மட்டும் வேறு கரை ஓடுகிறதா, அது மூலையில் எப்படித் திரும்புகிறது என்று கவனியுங்கள். அப்புறம் ரோட்டைக் கடந்து வந்து ஒற்றை டைலை மட்டும் தனியாகப் பாருங்கள். பெரும்பாலும் 14 செ.மீ. சதுரம்தான் இருக்கும். அதில் ஒரு பூவின் கால்பங்குதான் இருக்கும். நாலு டைலைத் திருப்பித் திருப்பி வைத்தால்தான் முழுப் பூ.

இப்போது இன்னும் கிட்டே போங்கள். 19ஆம் நூற்றாண்டு வீட்டு டைல்களில் பல, வடிவம் வெட்டிய ஸ்டென்சில் தாளை வைத்துத் தூரிகையால் நிறம் தீட்டியவை. இலையின் நீலத்துக்குள் தூரிகை இழுத்த தடம் தெரியும். இரண்டாவது நிறம் நூலளவு விலகி விழுந்திருக்கும். பக்கத்து டைலில் அதே இலை, ஆனால் நீலம் கொஞ்சம் அடர்த்தி. எனக்கு இந்த வித்தியாசம்தான் உயிர். எங்கேயாவது ஒரு டைல் மட்டும் திசைமாறி உட்கார்ந்திருந்தால், பின்னாளில் பழுது பார்த்த இடமாக இருக்கலாம்.

போர்ட்டோவில் புடைப்பு டைல்கள் நிறைய. அவற்றுக்குச் சாய்வெயில் வேண்டும். உச்சிவெயிலில் மேடு பள்ளம் எடுபடாது. போட்டோ எடுக்கும்போது கொஞ்சம் பக்கவாட்டில் நில்லுங்கள், மெருகின் பளபளப்பு குறையும்.

படம் வரைந்த சுவர்களுக்கு வேறு மாதிரி நேரம் கொடுக்க வேண்டும். போர்ட்டோவின் கபேலா தாஸ் அல்மாஸ் தேவாலயத்தைப் பார்த்தால் 18ஆம் நூற்றாண்டு வேலை என்றே தோன்றும். ஆனால் அந்த நீல வெள்ளை டைல்கள் 1929இல் வந்தவை, எதுவார்தோ லெய்த்தே தீட்டியவை. புனித பிரான்சிஸ், புனித கேத்தரின் கதைகள். கூட்டத்துக்கு நடுவே தலையைத் தூக்கிப் பார்க்காமல், எதிரே நின்று ஒவ்வொரு காட்சியாகப் படியுங்கள்.

சில சுவர்களில் டைல் போன வெற்றுச் சதுரங்கள் தெரியும். உதிர்ந்தவையும் உண்டு, திருடு போனவையும் உண்டு. பழைய பொருள் சந்தையில் உதிரியாக விற்கும் பழைய டைலை, எவ்வளவு அழகாக இருந்தாலும், தயவுசெய்து வாங்காதீர்கள். நினைவுக்கு ஒன்று வேண்டுமென்றால் புதிதாகச் செய்ததை வாங்குங்கள். பழைய டைலைக் கிட்டத்தில் பார்க்கும் ஆசைக்கு லிஸ்பனின் தேசிய டைல் அருங்காட்சியகம் இருக்கிறது. போர்ட்டோ மாநகராட்சியின் பாங்கோ தெ மாதெரியாயிஸ் (பொருள் வங்கி), கட்டடங்களிலிருந்து மீட்ட டைல்களைச் சேர்த்துவைத்து, முகப்பைப் பழுது பார்க்கும் வீட்டுக்காரர்களுக்குக் கொடுக்கிறது.